வெய்மர் குடியரசு எப்படி வீழ்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தவர்களுக்கு வெய்மர் என்ற பெயர் ஒரே ஒரு வரியாகத் தெரிந்திருக்கும். நெருக்கடி நிலையின்போது அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஜெர்மனியின் வெய்மர் அரசியலமைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வரி. ஒரு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அந்த வரிக்குப் பின்னால், 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் இருந்த ஜனநாயகக் குடியரசின் 14 ஆண்டுக் கதை இருக்கிறது. அதைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஜனநாயகம் 1933 ஜனவரியில் ஒரே நாளில் சாகவில்லை. 1930லேயே, ஹிட்லருக்கு முன்பே, நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஆளலாம் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அந்த முடிவின் தொடர்ச்சிதான்.

தலைநகரம் பெர்லின்தானே, பிறகு ஏன் "வெய்மர்"?

1919 ஜனவரியில் பெர்லின் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதனால் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய சபை, கவிஞர் கதே வாழ்ந்த வெய்மர் என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்த நாடகக் கொட்டகையில் கூடியது. அரசியலமைப்பு அங்கேதான் எழுதப்பட்டது. 1919 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஃபிரீட்ரிஷ் எபர்ட் அதில் கையெழுத்திட்டார். குதிரைச் சேணம் தைக்கும் தொழில் பழகியவர் அவர். மன்னர் உட்கார்ந்த இடத்தில் ஒரு தொழிலாளி உட்கார்ந்ததைப் பழைய ஜெர்மனியால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

அந்தத் தேர்தலில்தான் ஜெர்மனியில் பெண்கள் முதல் முறையாக வாக்களித்தார்கள். 423 பேர் கொண்ட சபைக்கு 37 பெண்கள் தேர்வானார்கள். குடியரசை மனதார ஏற்றுக்கொண்ட மூன்று கட்சிகள், அதாவது சமூக ஜனநாயகக் கட்சி, கத்தோலிக்க மத்தியக் கட்சி, ஜெர்மன் ஜனநாயகக் கட்சி மூன்றும் சேர்ந்து நான்கில் மூன்று பங்கு வாக்குகளை வாங்கின. மக்கள் ஆதரவில்லாமல் பிறந்த குடியரசு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு, 1920 ஜூனில், அந்த மூன்று கட்சிகளும் பெரும்பான்மையை இழந்தன. பிறகு நாடு தழுவிய தேர்தல் ஒன்றில்கூட அதை மீட்கவில்லை.

"முதுகில் குத்திவிட்டார்கள்" என்ற கதை எங்கிருந்து வந்தது?

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது போர்க்களத்தில். 1918 செப்டம்பர் 29 அன்று, இனித் தாங்காது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை அவசரப்படுத்தியவர் படைத்தளபதி லூடன்டார்ஃப். போர்நிறுத்தத்தைக் கேட்கும் பொறுப்பை மட்டும் நாடாளுமன்றக் கட்சிகளின் தலையில் கட்டவேண்டும் என்று அவரே திட்டமிட்டார். தோல்வியில் அவர்கள் பெயர் இருக்கவேண்டும், ராணுவத்தின் பெயர் இருக்கக்கூடாது.

அப்படியே நடந்தது. நவம்பர் 11 அன்று கையெழுத்திடப் போனது எந்தத் தளபதியும் அல்ல, மத்தியக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற மனிதர். மறு ஆண்டு நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் வந்த, போர்க்காலத் தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க், ராணுவம் பின்னாலிருந்து குத்தப்பட்டது என்று சாட்சி சொன்னார். தோற்ற தளபதியே சொன்ன பொய். நாடு நம்பியது. எர்ட்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்ட்டில் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் பொய்யைச் சொன்ன ஹிண்டன்பர்க்கைத்தான் 1925இல் மக்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

வெர்சாய் ஒப்பந்தம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினோம். ஒப்பந்தம் கடுமையானதுதான். நிலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று, ராணுவம் ஒரு லட்சம் பேருக்குள் சுருக்கப்பட்டது, 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயித்தார்கள். அதில் பெரும்பகுதி வெறும் ஏட்டுக் கணக்கு. நிஜமாக வசூலிக்க நினைத்தது 5,000 கோடி அளவுதான்.

ஆனால் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்பது ஆண்டு கழித்து, 1928 மே தேர்தலில், நாஜிக் கட்சி வாங்கியது 2.6 சதவீதம், 12 இடங்கள். ஒப்பந்தத்தின் மேல் இருந்த கோபம் மட்டும் ஹிட்லரைக் கொண்டுவர முடியுமென்றால் அப்போதே வந்திருக்க வேண்டும். அடுத்தது, 1932 ஜூலையில் லொசான் மாநாட்டில் இழப்பீடு ஏறக்குறைய ரத்தே ஆகிவிட்டது. ஹிட்லர் சான்சலர், அதாவது அரசின் தலைவர், ஆனது அதற்கு ஆறு மாதம் கழித்து. வெர்சாய் ஒரு புண். அதை ஆறவிடாமல் சொறிந்துகொண்டே இருந்தவர்கள் வேறு.

தள்ளுவண்டியில் பணம் கொண்டுபோன காலம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்ததா?

நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. நோட்டுக் கட்டுகளைக் குழந்தைகள் அடுக்கி விளையாடும் படத்தைக் காட்டிவிட்டு, உடனே ஹிட்லரின் படத்தைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது ஆண்டு இடைவெளி இருக்கிறது.

பணவீக்கம் உச்சத்துக்குப் போனது 1923இல். அந்த ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியைப் பிடித்தன. அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டடித்துத் தள்ளியது. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அப்போது அச்சடித்த மிகப் பெரிய நோட்டின் மதிப்பு ஒரு கோடி கோடி. காலையில் கூலி வாங்கினால் மதியத்துக்குள் ரொட்டியாகவோ உருளைக்கிழங்காகவோ மாற்றிவிட வேண்டும். சாயங்காலம் அதே பணத்துக்கு ஒன்றும் வராது.

நவம்பர் நடுவில் ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்து, சில வாரங்களில் விலைகள் அடங்கின. ஆனால் 30 ஆண்டு சேமித்த ஒரு பள்ளி ஆசிரியரின், ஒரு விதவையின் வங்கிக் கணக்கு பூஜ்யம்தான். கடன் வாங்கியவர்கள் தப்பித்தார்கள், சேமித்தவர்கள் அழிந்தார்கள். ஒழுங்காக வாழ்ந்ததற்கு அரசு கொடுத்த தண்டனை என்று நடுத்தர வர்க்கம் இதை நினைத்தது. மிதவாதக் கட்சிகளை விட்டு அவர்கள் விலகத் தொடங்கியது அங்கேதான். நாஜிகளிடம் போய்ச் சேர்ந்தது பிறகு.

1930க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர் எதிரானது. விலைகள் இறங்கின, சம்பளம் இறங்கியது, வேலை போயிற்று.

நீதிமன்றங்கள் குடியரசைக் காப்பாற்றவில்லையா?

மன்னர் காலத்து நீதிபதிகளைக் குடியரசு அப்படியே வைத்துக்கொண்டது. நீதித்துறையின் சுதந்திரம் என்ற நல்லெண்ணம். அதற்கு அவர்கள் செய்த கைம்மாறைப் பாருங்கள்.

எமில் கும்பெல் என்ற கணித அறிஞர் 1922 வரை நடந்த அரசியல் கொலைகளை எண்ணிப் பட்டியலிட்டார். வலதுசாரிகள் செய்தவை 354. இடதுசாரிகள் செய்தவை 22. வலதுசாரிக் கொலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகளில் பத்துப் பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1923 நவம்பரில் முனிச் பீர் விடுதியில் ஹிட்லர் செய்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் நான்கு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஐந்து ஆண்டு. உள்ளே இருந்தது தீர்ப்பிலிருந்து ஒன்பது மாதம்கூட இல்லை. அவர் அப்போது ஆஸ்திரியக் குடிமகன். சட்டப்படி நாடு கடத்தியிருக்க வேண்டும். இவ்வளவு ஜெர்மானிய உணர்வோடு சிந்திக்கிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு பிரிவைச் சரியாக அமல்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்னொரு வழக்கு அதிகம் பேசப்படுவதில்லை. எபர்ட்டைத் தேசத்துரோகி என்று எழுதிய ஒரு பத்திரிகைக்காரர் மேல் வழக்கு. 1924 டிசம்பரில் மாக்டெபர்க் நீதிமன்றம் பத்திரிகைக்காரருக்கு அவமதிப்புக்காகச் சிறுதண்டனை கொடுத்துவிட்டு, 1918 ஜனவரி வேலைநிறுத்தக் குழுவில் சேர்ந்ததால் சட்டத்தின் பார்வையில் எபர்ட் தேசத்துரோகம் செய்தவர்தான் என்று எழுதியது. போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்த மனிதர் அவர். இந்த அவதூறை எதிர்த்துப் போராடிக்கொண்டே குடல்வால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். 1925 பிப்ரவரி 28 அன்று இறந்தார். வயது 54. அவர் இறந்ததால்தான் அந்த ஆண்டு தேர்தல் வந்தது, ஹிண்டன்பர்க் வந்தார்.

பிரிவு 48 என்பது என்ன?

பொது அமைதிக்கு ஆபத்து வந்தால் குடியரசுத் தலைவர் தேவையான நடவடிக்கை எடுக்கலாம், ராணுவத்தை இறக்கலாம், பேச்சுரிமை, கூடும் உரிமை, வீட்டுக்குள் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு போன்ற ஏழு அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தலாம் என்கிற பிரிவு. நாடாளுமன்றம் வேண்டாமென்று சொன்னால் அந்த நடவடிக்கை ரத்தாக வேண்டும். அதுதான் கடிவாளம்.

ஆனால் பிரிவு 25 என்று ஒன்றும் இருந்தது. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் அதே தலைவரிடம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவசரச் சட்டம் போடலாம். நாடாளுமன்றம் அதை நிராகரித்தால் நாடாளுமன்றத்தையே கலைத்துவிடலாம். கடிவாளம் குதிரையின் கையிலேயே இருந்தது.

எபர்ட்டும் இந்தப் பிரிவை 130 தடவைக்கு மேல் பயன்படுத்தினார். குடியரசைக் காப்பாற்றத்தான், கலகங்களை அடக்கத்தான். ஆனாலும் அப்படிச் செய்து பழக்கியது அவர்தான். நல்லவர் கையில் ஆபத்தில்லாமல் இருந்தது என்பதற்காக ஒரு அதிகாரம் ஆபத்தில்லாதது ஆகிவிடாது.

சரி, 1930இல் அப்படி என்ன நடந்தது?

1928 முதல் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர் ஐந்து கட்சிக் கூட்டணி ஒன்றை நடத்திவந்தார். 1929 அக்டோபர் 3 அன்று, கூட்டணியைப் பிடித்துவைத்திருந்த வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெஸமன் இறந்தார். அதே மாதக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடன் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெர்மன் பொருளாதாரத்துக்கு மூச்சு முட்டியது. வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள்.

1927இல் கொண்டுவந்த வேலையின்மைக் காப்பீட்டு நிதி காலியாகிவிட்டது. தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதியாகக் கட்டும் சந்தாவை அரை சதவீதம் கூட்டலாமா, உதவித்தொகையைக் குறைக்கலாமா என்பது பிரச்சினை. முதலாளிகளின் கட்சி கூட்டக்கூடாது என்றது. தொழிற்சங்கங்கள் குறைக்கக்கூடாது என்றன. 1930 மார்ச் 27 அன்று ஒரு சமரசத்தைச் சமூக ஜனநாயகக் கட்சி எம்.பி.க்களே நிராகரிக்க, முல்லர் பதவி விலகினார். நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசி அரசு அது. அரை சதவீதத்துக்காகப் போனது என்று இன்றைக்கும் அவர்களைத் திட்டுகிறார்கள். நானும் அவர்கள் செய்தது தவறு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்கள், முக்கியமாக ஜெனரல் ஷ்லைஹர், சமூக ஜனநாயகக் கட்சியை வெளியேற்றிவிட்டு நாடாளுமன்றத்தை நம்பாத ஒரு அரசு அமைக்க மாதக்கணக்கில் ஏற்பாடு செய்துவந்தார்கள். முல்லருக்குப் பிரிவு 48 கிடையாது என்று மறுத்தார் ஹிண்டன்பர்க். அடுத்து வந்த ப்ரூனிங்குக்கு உடனே கொடுத்தார்.

ஜூலையில் ப்ரூனிங் பட்ஜெட்டை அவசரச் சட்டமாகப் போட்டார். நாடாளுமன்றம், சட்டம் தனக்குக் கொடுத்த உரிமைப்படி, அதை ரத்து செய்தது. உடனே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. பதவிக்காலம் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. நாடு பசியில் இருக்கும் நேரத்தில் யாரும் கேட்காத தேர்தல். செப்டம்பர் 14 அன்று நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107க்குத் தாவினார்கள்.

அதற்குப் பிறகு சட்டம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1930இல் நாடாளுமன்றம் 98 சட்டங்கள் போட்டது. 1931இல் 34. 1932இல் வெறும் 5. அதே ஆண்டு அவசரச் சட்டங்கள் சுமார் அறுபது. 1932 முழுக்க நாடாளுமன்றம் கூடியது 13 நாள். எம்.பி. என்ற வேலைக்கே அர்த்தம் போய்விட்டது. ஜனவரி 30 அன்று ஹிட்லர் உடைத்தது ஏற்கெனவே பூட்டிக் கிடந்த வீட்டை.

ப்ரூனிங் கெட்டவரா?

இல்லை. நேர்மையான, ஒடுங்கிய வாழ்க்கை வாழ்ந்த மனிதர். ஆனால் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நிற்கும்போது அரசு ஊழியர் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டே போனார். வெளிநாட்டுக் கடன் தீர்ந்துபோயிருந்தது, 1923இன் பயம் இருந்தது, அவருக்கு வழிகள் குறைவு என்பது உண்மை. இழப்பீட்டை ஒழிக்க இந்தக் கஷ்டமே ஆதாரமாகும் என்றும் அவர் கணக்குப் போட்டார். சாப்பாட்டு வரிசையில் நின்றவனுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை.

கட்சிகள் அதிகம் இருந்ததுதான் பிரச்சினையா?

60,000 வாக்குக்கு ஓர் இடம், குறைந்தபட்ச வரம்பு கிடையாது. சின்னச் சின்னக் கட்சிகள் உள்ளே வந்தன. 14 ஆண்டில் ஏறத்தாழ 20 அமைச்சரவைகள். இடைஞ்சல்தான். ஆனால் நம் ஊர் மாதிரித் தொகுதி முறை இருந்திருந்தால், 37 சதவீதம் வாங்கிய நாஜிகள் 1932 ஜூலையிலேயே தனிப் பெரும்பான்மை வாங்கியிருக்கக்கூடும். தேர்தல் முறையின் மேல் பழியைப் போடுவது எளிது, எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை.

ஹிட்லர் ஜனநாயக முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்தானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பதில்: இல்லை.

1932 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹிண்டன்பர்க்கிடம் தோற்றார். 53க்கு 37. ஜூலை நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி 37.3 சதவீதத்தோடு முதலிடம் வந்தது, 608இல் 230 இடம். சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் அதுதான். நவம்பர் 6 தேர்தலில் 20 லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். கட்சிக் கஜானா காலி. உள்ளுக்குள் சண்டை. ஏறிக்கொண்டிருந்தபோது பதவி கிடைக்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

வாக்களித்தவர்கள் யார் என்பதிலும் தவறான எண்ணம் இருக்கிறது. வேலையில்லாத தொழிலாளி பெரும்பாலும் கம்யூனிஸ்டுக்குத்தான் போட்டார். கத்தோலிக்கர்கள் தங்கள் மத்தியக் கட்சியை விட்டு அதிகம் நகரவில்லை. நாஜிகளின் பலம் புராட்டஸ்டன்ட் கிராமங்கள், கடனில் மூழ்கிய விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், கைவினைஞர்கள், அரசு ஊழியர்கள். வேலை போனவர்களோடு, தன்னுடையதும் போய்விடுமோ என்று பயந்தவர்களின் வாக்கும் பெரிதாக வேலை செய்தது.

இடதுசாரிகள் ஏன் ஒன்றுசேரவில்லை?

1932 நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து 221 இடம் வைத்திருந்தன. நாஜிகள் 196தான். கணக்கு சுலபம். மனிதர்கள் சுலபமில்லை. 1919 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர்களான ரோஸா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்ட்டையும் கொன்றது, சமூக ஜனநாயக அரசு துணைக்கு அழைத்த வலதுசாரிப் படை. அந்த ரத்தம் காயவே இல்லை. 1929 மே தினத்தில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரரின் கீழ் இருந்த பெர்லின் போலீஸ் சுட்டு முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பக்கம் கம்யூனிஸ்டுகள் மாஸ்கோவின் சொல்படி, சமூக ஜனநாயகக் கட்சிதான் முதல் எதிரி, அவர்கள் "சமூகப் பாசிஸ்டுகள்" என்றார்கள். 1932 நவம்பரில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் நாஜிகளோடு தோளோடு தோள் நின்றார்கள். யாருடைய தப்பு பெரியது என்று எடைபோட எனக்கு மனமில்லை. இரண்டு பேரையும் பிறகு ஒரே முகாமில்தான் அடைத்தார்கள்.

ஒருவர்கூட எதிர்த்து நிற்கவில்லையா?

நின்றார்கள். 1920 மார்ச்சில் காப் என்பவரும் சில தளபதிகளும் பெர்லினைப் பிடித்தபோது, ராணுவம் அரசுக்காகச் சுட முன்வரவில்லை. அரசு ஊரைவிட்டு ஓடியது. தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. டிராம் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. அதிகாரிகளும் ஒத்துழைக்கவில்லை. நான்கைந்து நாளில் கலகக்காரர்கள் காலி செய்தார்கள்.

அதனால்தான் 1932 ஜூலை 20 உறுத்துகிறது. நாட்டின் பாதிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாநிலம் பிரஷ்யா. அங்கே சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன் தலைமையில் நிலையான ஆட்சி, பெரிய போலீஸ் படை. ப்ரூனிங்குக்குப் பிறகு சான்சலராக வந்திருந்த பாப்பன், ஹிண்டன்பர்க் ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த பிரிவு 48 ஆணையைக் காட்டி அந்த மாநில அரசையே கலைத்தார். உள்துறை அமைச்சர் சேவெரிங், பலவந்தத்துக்குத்தான் பணிவேன் என்றார். சாயங்காலம் சில போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார். மாநிலம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

கோழைத்தனம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் முடியாது. 1920இல் வேலையை நிறுத்திய தொழிலாளிக்கு வேலை இருந்தது. 1932இல் 50 லட்சத்துக்கு மேல் வாசலில் காத்திருந்தார்கள். எதிரில் ராணுவம். பிரவுன் ஏப்ரல் தேர்தலிலேயே பெரும்பான்மையை இழந்து, காபந்து அரசாகத்தான் இருந்தார். இருந்தும், ஒரு கல்கூட விழாமல் பிரஷ்யா போனதை நாஜிப் பிரச்சாரத் தலைவர் கோயபல்ஸின் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் வேண்டிய பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் எப்படிக் கொடுத்தார்கள்?

டிசம்பரில் ஷ்லைஹர் சான்சலர் ஆனார். பதவி போன பாப்பனுக்கு அவர்மேல் ஆத்திரம். 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஷ்ரோடர் என்ற வங்கியாளரின் வீட்டில் பாப்பனும் ஹிட்லரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். ஹிட்லர் சான்சலர், பாப்பன் துணைச் சான்சலர், அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர இரண்டே நாஜிகள். மற்றவர்கள் பழைமைவாதிகள். ஆளைச் சுற்றிவளைத்துக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று பாப்பன் நம்பினார், நண்பர்களிடம் பெருமையாகவும் சொன்னார்.

ஜனவரி 30 காலை, பதவிப் பிரமாணத்துக்கு முன்பு பக்கத்து அறையில் ஒரு தகராறு. மறுபடி தேர்தல் நடத்தவேண்டும் என்றார் ஹிட்லர். தேசியவாதக் கட்சித் தலைவர் ஹூகன்பெர்க் முடியாது என்றார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. உள்ளே 85 வயது ஹிண்டன்பர்க் காத்திருக்கிறார். தலைவரைக் காக்கவைக்கக்கூடாது என்று அவருடைய செயலாளர் வந்து சொன்னதும் ஹூகன்பெர்க் வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். அந்த வாக்குவாதம் இன்னும் அரைமணி நீண்டிருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிரிவு 48இன்கீழ் அந்த ஏழு உரிமைகளும் நிறுத்தப்பட்டன. 1945 வரை அவை திரும்பி வரவில்லை. இவ்வளவு கெடுபிடியிலும் மார்ச் 5 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம். பாதியைத் தொடவில்லை.

மார்ச் 23 அன்று என்ன நடந்தது?

கட்டடம் எரிந்துவிட்டதால் குரோல் ஆப்பரா அரங்கில் கூட்டம். நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் போடலாம் என்ற மசோதா. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வாசலிலும் உள்ளே சுவரோரமும் பழுப்புச் சட்டை போட்ட நாஜி அடியாட்கள். 81 கம்யூனிஸ்ட் எம்.பி.க்களை உள்ளேயே விடவில்லை. சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரில் 26 பேர் சிறையில் அல்லது தலைமறைவில்.

மத்தியக் கட்சித் தலைவர் காஸ், திருச்சபையின் உரிமைகளுக்கு உத்தரவாதக் கடிதம் வரும் என்ற ஹிட்லரின் வாக்கை நம்பினார். கடிதம் வரவே இல்லை. கட்சி ஆதரித்து வாக்களித்தது. மிதவாதிகள் ஐந்து பேரும் ஆதரித்தார்கள். அதில் ஒருவர் தேயடோர் ஹாய்ஸ். 1949இல் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர்.

எதிர்த்துப் பேச எழுந்தவர் ஒரே ஒருவர், ஓட்டோ வெல்ஸ். "சுதந்திரத்தையும் உயிரையும் எங்களிடமிருந்து பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது" என்றார். கைது செய்தால் விழுங்குவதற்கு விஷம் வைத்திருந்தார் என்று சொல்கிறார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் அவருடைய கட்சிக்காரர்கள். ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை.

இதிலிருந்து பின்னால் வந்தவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள்?

1949இல் எழுதிய ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தில் அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை நாடாளுமன்றம் கவிழ்க்க முடியாது. குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. மனித மாண்பையும் ஜனநாயகத்தையும் எந்தப் பெரும்பான்மையாலும் திருத்தி நீக்க முடியாது.

அதே 1949 ஆகஸ்ட்டில் நம் அரசியல் நிர்ணய சபையில் நெருக்கடி நிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தன. எச்.வி. காமத் எழுந்து, இப்படி ஒன்று வெய்மர் அரசியலமைப்பில்தான் இருந்தது, அதைப் பயன்படுத்தித்தான் ஹிட்லர் அதை அழித்தார் என்று எச்சரித்தார். பிரிவு நிறைவேறியது. 1975இல் அதன்கீழ் உரிமைகள் நிறுத்தப்பட்டன. 1978இல் 44ஆவது திருத்தம் வந்த பிறகுதான், உயிர்வாழும் உரிமையை நெருக்கடியிலும் தொடக்கூடாது என்று ஆனது. அதற்கு முன் 1965இல் ஜெர்மன் சட்ட அறிஞர் டீட்டர் கான்ராட் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசியது, வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வழியாக நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பின் "அடிப்படைக் கட்டமைப்பு" வாதத்துக்கு, அதாவது அரசியலமைப்பின் அடித்தளத்தை நாடாளுமன்றம் திருத்தி மாற்ற முடியாது என்ற வாதத்துக்கு, உரமானது. ஒரு மதிப்பெண் கேள்விக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள்?

முல்லர் 1931இலேயே இறந்துவிட்டார். ஷ்லைஹரை 1934 ஜூன் 30 அன்று வீட்டுக்குள் புகுந்து மனைவியோடு சேர்த்துச் சுட்டார்கள். ப்ரூனிங் தப்பியோடி ஹார்வர்டில் பாடம் நடத்தினார். ஓட்டோ பிரவுன் சுவிட்சர்லாந்தில் அகதியாக வாழ்ந்து இறந்தார். வெல்ஸ் 1939 செப்டம்பரில் பாரிஸில், போர் தொடங்கிய சில நாட்களில். கம்யூனிஸ்ட் தலைவர் தேல்மன் 11 ஆண்டு தனிச்சிறைக்குப் பிறகு 1944 ஆகஸ்ட்டில் புகன்வால்ட் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த முகாம் இருந்த மலை வெய்மர் ஊருக்குப் பக்கத்தில்தான். பாப்பன் நியூரம்பெர்க் விசாரணையில் விடுதலையாகி 1969 வரை இருந்தார்.

பெர்லினில் இன்றைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால், தரையில் வரிசையாகச் செங்குத்தாக நிறுத்திய 96 தகடுகள் இருக்கின்றன. நாஜிகளால் உயிரிழந்த 96 எம்.பி.க்களுக்காக வைத்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர், கட்சி, இறந்த இடம், இறந்த ஆண்டு. குனிந்துதான் படிக்க வேண்டும்.